ஃபேன் சுற்றினால் போதுமா?

தேக்காவுக்குப் போன தம்பி, அப்படியே சிம் லிம் ஸ்குவேர் வரை நடந்து, பேரம் பேசி ஒரு பழைய கம்ப்யூட்டரோடு துவாஸ் விடுதிக்குத் திரும்புகிறார். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும். பிறகு விளையாட்டைத் திறந்தால் பட்டென்று அணையும். "வாங்கும்போது பார்த்தீங்களா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "பார்த்தேன் அண்ணே, ஃபேன் நல்லா சுத்துச்சு." ரசீது மட்டும் இருக்காது. இதே கதையை எத்தனை பேரிடம்தான் கேட்பது!

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியின் 24 முனை கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. சுமை ஏறும்போது மின்னழுத்தம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அதனால் பணம் கொடுக்கும் முன், கடையிலேயே, கனமான விளையாட்டு ஒன்றை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சும்மா தொங்கும் நான்கு முனை மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பு, மஞ்சள் இரண்டிலும் முனைகளை வையுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. 12 வோல்ட் வரவேண்டும். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கையில் 12.1 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் 11.2-க்கு இறங்கினால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். அளவு சரியாக வந்தாலும் அது முழு நற்சான்று அல்ல. மின்னழுத்தத்தின் சிற்றலைகளைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும்.

சில பழைய பெட்டிகளின் பின்னால் 115/230 என்று சிவப்புச் சுவிட்ச் இருக்கும். இங்கே சிங்கப்பூரில் 230 வோல்ட். 115-இல் விட்டு ஆன் செய்தால் வெடிக்கும். பழுது பார்க்கிறேன் என்று பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

இன்னொன்று: கேபினெட்டைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று அர்த்தம். ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை முள் ஒயரை, எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் செருகியிருப்பீர்கள். பாதுகாப்புச் சின்னம் உள்ள மூன்று முள் பிளக்கோடு வரும் ஒயரை வாங்குங்கள். தீயணைக்கும் எண் 995 என்று நான் பார்த்த விடுதிகளில் ஒட்டியிருக்கிறார்கள். ரசீது கேட்டு வாங்கு என்று ஒட்டக் காணோம்.

ரசீதில் கடையின் பெயர், யு.இ.என் பதிவு எண், கம்ப்யூட்டரின் மாடல், சீரியல் எண் நான்கும் இருக்கட்டும். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளுக்கான 'லெமன் சட்டம்' பழைய பொருளுக்கும் உண்டு. வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. முதலில் பழுது நீக்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். ஆகாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி வைத்தால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் கரௌசல் இணையச் சந்தையில் தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது. திரும்பவும் சொல்கிறேன், தனி ஆள் என்றால் உதவாது.

கடை மசியவில்லையா? பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேசும். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. மனுவை இணையத்தில், சிங்பாஸ் வழியாகத் தரலாம். வேலை அனுமதி அட்டைக்காரரும் சிங்பாஸ் எடுக்க முடியும். படிவம் ஆங்கிலத்தில், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள்.

அடுத்த ஞாயிறு போகிறவர்கள் பையில் மல்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதைக் கடை வாசலிலேயே படமெடுத்து விடுங்கள். அந்தத் தாளில் உள்ள எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடலாம்.