523.3-இல் நிலா இருக்கிறது

நூலகத்துப் புத்தகத்தின் முதுகில், கீழ்ப்பக்கமாக ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். அதில் ஓர் எண். அந்த எண்ணை இன்று பிரித்துப் பார்ப்போமா?

நிலாவைப் பற்றிய புத்தகம் என்றால் பல நூலகங்களில் 523.3 என்று இருக்கும். 5-இல் தொடங்கினால் அறிவியல். 52 வானியல். 523 என்றால் சூரியன், கோள்கள், விண்மீன்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் 3தான் நிலா. பக்கத்திலேயே 523.43-இல் செவ்வாய், 523.45-இல் வியாழன். புதிதாக ஒரு துறை பிறந்தாலும் இடம் கிடைக்கும். எந்த இரண்டு தசம எண்களுக்கு நடுவிலும் இன்னோர் எண்ணை நுழைக்கலாம் அல்லவா! 1876-இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி தந்த முறை இது.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனுக்கு இது போதவில்லை. கணிதம் கற்பித்தவர் அவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். தஞ்சாவூரில் நெற்பயிருக்கு வரும் நோய் பற்றி ஒரு புத்தகம் வந்தால் எங்கே வைப்பது? பயிர், நோய், ஊர் மூன்றும் அதில் இருக்கின்றனவே!

லண்டனுக்குப் படிக்கப் போனவர், ஒரு பெரிய கடையின் பொம்மைப் பகுதியில் மெக்கானோ பெட்டியைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. பாடங்களையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்று தோன்றியது. திருகுக்குப் பதில் முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன்! 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புக் கதை இது.

லண்டனில் இன்னொன்றையும் கண்டார். தொழிலாளிகளும் சிறுவர்களும் காசு கொடுக்காமல் பொது நூலகங்களில் படித்தார்கள். படிப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை நூலகத்துக்கே ஒரு விதியாக 1931-இல் எழுதியவர், நம் ஊரிலும் அப்படி நூலகங்கள் வேண்டுமென்று விடாமல் உழைத்தார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு நூலக வரியும் வாங்க அது வழி செய்தது. நம் தெருக்காரர்கள் கட்டும் அந்தப் பணத்தில்தான் கிளை நூலகத்துக்குப் புத்தகம் வருகிறது. உங்களுக்கு வேண்டிய புத்தகம் அங்கே இல்லையென்றால் நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள்.