கைப்பிடி யார் கையில்?

சிவகாசியின் அச்சகங்களில் இரவுப் பணி முடிந்து வெளிவருவோரை அதிகாலையில் பார்க்கலாம். சிலருக்காக மனைவியர் ஸ்கூட்டருடன் வாயிலில் காத்திருப்பார்கள். திருத்தங்கலிலிருந்தோ, விருதுநகர்ச் சாலையோரத்துச் சிற்றூர்களிலிருந்தோ தாமே ஓட்டி வந்தவர்கள் அவர்கள். ஆனால் கணவன் வெளியே வந்ததும் மனைவி இறங்கிப் பின்னிருக்கைக்கு மாறிவிடுகிறாள். உறக்கமின்றிச் சிவந்த கண்களோடு அவன் கைப்பிடியைப் பற்றுகிறான். யார் ஓட்டுவது என்ற பேச்சே அங்கு எழுவதில்லை.

இந்தப் பழக்கத்தை மார்க்கத்தின் கட்டளையாகவே எண்ணியிருப்போர் நம்மில் உண்டு. ஆண் குடும்பத்தின் பொறுப்பாளன் என்பதைத் திருமறையின் நான்காம் அத்தியாயம் 34ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. அவன் தன் பொருளைக் குடும்பத்திற்காகச் செலவிடுவதையும் அதற்கொரு காரணமாக அவ்வசனம் காட்டுகிறது. எனவே அது சுமையேயன்றி, ஆசன வரிசை அன்று. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனமோ, அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடமே ஒப்படைக்குமாறு பணிக்கிறது. சாலையில் செல்லும் இருவரின் உயிரைவிடப் பெரிய அமானிதம் எது?

பெருமானார் (ஸல்) அவர்களின் பயணங்களை நோக்குவோம். கைபரிலிருந்து மதீனா திரும்புகையில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் நாயகத்தின் ஒட்டகத்தில் பின்னே அமர்ந்தார்கள். அவர்கள் ஏறுவதற்காக, அண்ணலார் ஒட்டகத்தின் அருகே அமர்ந்து தம் முழங்காலை நீட்ட, அன்னையார் அதன்மீது பாதம் வைத்து ஏறினார்கள் என்று புகாரி நூல் அறிவிக்கிறது. முன்னே அமர்ந்தவரே மண்டியிட்டார்! முன்னிருக்கை பெருமைக்குரியது, பின்னிருக்கை தாழ்வுக்குரியது என்ற கணக்கு அங்கில்லை.

நபித்தோழர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களின் துணைவியார் உம்மு ஹராம் (ரலி) அவர்கள், முஆவியா (ரலி) அவர்கள் தலைமையிலான கடற்படையில் கணவருடன் சென்றார்கள். கடற்பயணம் முடிந்தபின் அவர்கள் ஏறிக்கொள்ள ஒரு வாகனப் பிராணி கொண்டுவரப்பட்டது. அதிலிருந்து விழுந்து அவர்கள் உயிர் நீத்தார்கள். சைப்ரஸ் தீவில் லார்னகா நகரின் அருகே அவர்களுடைய அடக்கத்தலம் என்று போற்றப்படும் இடம் இன்றும் உள்ளது. கணவர் உடனிருக்க மனைவி தனி வாகனம் ஏறியதை எவரும் குறையாகச் சொல்லவில்லை.

இடைக்காலத்தில் ஏனோ வழக்கம் மார்க்கத்தின் ஆடையை அணிந்துகொண்டது. சவூதி அரேபியாவில் 1990 நவம்பரில் 47 பெண்கள் ரியாத் நகரில் கார் ஓட்டியதற்காகத் தண்டனைக்கு ஆளாயினர். 2017 செப்டம்பரில் அதே நாட்டின் மன்னர் தடையை நீக்க ஆணையிட்டார். மூத்த உலமாக்கள் அவையில் பெரும்பாலோர் மார்க்கத்தில் தடை காணவில்லை என்று அவ்வாணையே குறிப்பிட்டது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் சட்டப்படி ஓட்டினார்கள். மார்க்கம் மாறவில்லை, வழக்கமே மாறியது.

நம் பட்டாசுச் சீமைக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மருந்துக் கலவை அறையில் எவரை நிறுத்துகிறோம்? வயதில் மூத்தவர் என்றோ, முதலாளியின் உறவினர் என்றோ பார்த்தால் என்ன ஆகும்? ஓர் உராய்வு போதும், கூரையே மிஞ்சாது. பழகிய கையும் தெளிந்த மனமுமே அங்கு தகுதி. நெடுஞ்சாலையும் அத்தகைய அறைதான்.

மனைவியே எப்போதும் ஓட்ட வேண்டும் என்பது நம் வாதமன்று. அவளுக்குக் களைப்பிருந்தால் அவன் ஓட்டட்டும். அவனுக்கு உறக்கம் வந்தால் அவள் ஓட்டட்டும். நாட்டின் மோட்டார் வாகனச் சட்டமும் உரிமம் வழங்குகையில் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. வயதையும் திறமையையுமே பார்க்கிறது. புறப்படுமுன் இருவரும் ஒரு வார்த்தை கலந்து பேசிக்கொள்வது மஷூரா என்னும் அழகிய வழிமுறையே ஆகும்.

ஊர் சிரிக்குமே என்று அஞ்சும் சகோதரரே! ஊர் ஒருநாள் சிரித்து மறந்துவிடும். வீட்டில் வழிபார்த்து நிற்கும் குழந்தைகளோ, பெற்றோர் இருவரும் நலமாக வந்து சேர்வதை மட்டுமே வேண்டி நிற்கிறார்கள்.