மரத்தை எடைபோடும் ஒளி

மரத்தின் மீது அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டே அதன் ஈரம், அடர்த்தி, வேதிக்கூறுகள் ஆகியவற்றைக் கணித்துவிடலாம். ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால் வைத்த வெப்பமானி சூடு காட்டுவதைக் கண்டு அகச்சிவப்பை அறிந்தார். 1960களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்ல் நாரிஸ் அதைத் தானியங்களை அளக்கும் கருவியாக்கினார். மரம் பிறகுதான் வந்தது.

மரத்தில் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், நீர். இவற்றின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் ஓயாமல் அதிர்கின்றன; அதிர்வுக்கு இசைந்த அலைநீளங்களை உறிஞ்சிக்கொள்கின்றன. நீர் 1450, 1940 நானோமீட்டர் அருகே அழுத்தமாக உறிஞ்சும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி குறைந்தது என்று காட்டும் கோடே நிறமாலை.

ஆனால் இந்தக் கோட்டில் லிக்னினுக்கென்று தனி முகடு கிடையாது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். அதனால் முதலில் நூற்றுக்கணக்கான மரத்துண்டுகளைப் பழைய வழியில் அளந்தாக வேண்டும். ஈரத்துக்கு உலர்த்தி எடைபோடுகிறார்கள். லிக்னினுக்கு அமிலத்தில் கரைத்து, கரையாமல் நின்றதை எடைபோடுகிறார்கள். விறைப்புக்கு வளைத்துப் பார்க்கிறார்கள். அதே துண்டுகளின் நிறமாலைகளோடு இந்த எண்களைப் புள்ளியியல் முறையில் இணைத்த பிறகு, புதிய துண்டொன்றை அளக்க ஒரு நிமிடமே போதும். அந்த முதல் துண்டுகளைச் சரியாக அளக்காவிட்டால் கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. தைலமரத்துக்குச் செய்த கணக்கு பைனுக்குப் பொருந்தாது. ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காததால், மேற்பரப்பின் சொரசொரப்பும் ஈரமும் கூட விடையை மாற்றும். அடர்த்தியை ஒளி நேரடியாக உணர்வதில்லை. அடர்த்தியோடு சேர்ந்து மாறும் பண்புகளிலிருந்து அது ஊகிக்கப்படுகிறது.

காகிதக்கூழ் மரங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் இம்முறையின் அருமை தெரிகிறது. ஒரு மரம் எவ்வளவு கூழ் தரும் என்றறிய, அதை வெட்டிச் சில்லுகளாக்கி ஆய்வகத்தில் வேகவைக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான மரங்களில் நல்லதைத் தேடும் இனவிருத்தியாளருக்கு அது கட்டுப்படியாகாது. இன்று நிற்கும் மரத்திலேயே விரல் பருமனுக்குத் துளையிட்டு எடுத்த மரத்துண்டை அரைத்து, தூளின் நிறமாலையிலிருந்து கூழின் அளவைக் கணிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தைலமர ஆராய்ச்சியில் இது நன்கு வேரூன்றிய முறை. மரமும் பிழைக்கிறது, விதையும் கிடைக்கிறது.

மரத்தை அடையாளம் காணவும் இது உதவுகிறது. பெரிய இலை மகோகனியின் பன்னாட்டு வணிகம் 2003 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்படி கட்டுப்படுத்தப்படுகிறது. அறுத்த பலகையில் அதைப் போலவே தோன்றும் வேறு மூன்று மரங்களிலிருந்து மகோகனியை நிறமாலையால் பிரித்தறிய முடியும் என்று பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.