கோட்டின் ஓரம் – 9: காபிக் கறையும் ஏரிக்கரையும்

கணினிக் கோட்டுக்குக் கையின் அசைவைக் கொடுக்கும் ஸ்கெட்ச்அப், ரெவிட் வசதிகளைச் சென்ற வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் மரங்கள் என்று சொல்லியிருந்தேன். குறுக்கே ஒரு காபிக் கறை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

டபராவிலிருந்து மேசையில் சிந்திய காபிச் சொட்டைக் காய்ந்த பிறகு பாருங்கள். நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கருவளையம் கட்டியிருக்கும். ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். சொட்டின் விளிம்பு பரப்போடு ஒட்டி நகராமல் நின்றுவிடுகிறது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிப்புறமாக ஓடுகிறது. ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் விளிம்பில் குவிக்கிறது. 2011இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால் வளையமே விழுவதில்லை. துகளின் வடிவம் கறையின் விளிம்பைத் தீர்மானிக்கிறது என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

நீர்வண்ணம் பூசிய பழைய கட்டட வரைபடங்களில் புல்வெளிக்கும் குளத்துக்கும் ஓரத்தில் கருத்த கோடு தெரியுமே, அதுவும் இப்படி நிறமிகள் விளிம்புக்கு ஓடியதால் வந்ததுதான். யாரும் தனியாக வரைந்ததல்ல. சிகாகோ கட்டுரைக்கு இரண்டு மாதம் முன்பு, 1997 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் காசிடி கர்ட்டிஸும் கூட்டாளிகளும் கணினியை நீர்வண்ணம் தீட்ட வைக்கும் முறையை வெளியிட்டிருந்தார்கள். ஈரமான பகுதியின் ஓரத்தில் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் நீரைக் கழித்துக்கொண்டே வந்தால், கணக்கிலுள்ள நிறமி தானாக ஓரத்துக்கு நகரும். மேசைக் கறையிலும் திரைக் கறையிலும் ஒரே ஓட்டம்.

ஆட்டோகேடிலிருந்து வந்த பிளானை போட்டோஷாப்பில் எடுத்து வண்ணம் நிரப்புகிறவர்கள் இதை எளிதாகச் செய்யலாம். நிரப்பிய வடிவத்தைப் படியெடுத்து, தேர்வைச் சில பிக்சல் உள்ளே சுருக்கி, மென்மையாக்கி, நடுப்பகுதியை நீக்குங்கள். மிஞ்சும் வளையத்தை ‘மல்டிப்ளை’யில் வையுங்கள். அதோடு விட்டால் அது வெறும் பார்டர். ஸ்கேன் செய்த சொரசொரப்பான தாளை மாஸ்க்காகப் போட்டு, வளையத்தைச் சில இடங்களில் தேய்த்து, சில இடங்களில் அறுத்துவிட்ட பிறகுதான் அது நீர் காய்ந்த ஓரமாகிறது.

எங்கே அறுப்பது? இங்கேதான் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஒரே சொரசொரப்பை எல்லா ஓரத்துக்கும் பூசுவது தவறு. பெங்களூரு ஏரியையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊர் ஏரிகள் பெரும்பாலும் பள்ளத்தின் குறுக்கே கரை எழுப்பி மழைநீரைத் தேக்கியவை. கரைப் பக்கம் விளிம்பு மாறாது. அங்கே கோடு உறுதியாக, வளையம் கருத்து நிற்கட்டும். எதிர்ப்பக்கம், நீர் உள்ளே வரும் சரிவில், மழைக்காலத்தில் ஓர் எல்லை, சித்திரையில் இன்னோர் எல்லை. அங்கே வண்ணம் வெளிறிச் சிதறி, தாளுக்குள் கரைய வேண்டும். ஏரி ஒன்று, ஓரம் இரண்டு.

பல பிளான்களில் இரண்டு பக்கமும் ஒரே மெல்லிய நீலக் கோடு. நீர் வற்றிய சரிவு அந்தக் கோட்டுக்கு வெளியே காலி மனையாகத் தெரியும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகவும், சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமாகவும் மாறிப்போன ஊரில் இதை அலங்கார விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஏரியைச் சுற்றி 75 மீட்டர் விட வேண்டும் என்று 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எத்தனை மீட்டரானாலும் அளக்கத் தொடங்குவது ஏரியின் ஓரத்திலிருந்துதான். அதனால் சர்வே வரைபடத்தில் கோடு துல்லியமாகவே இருக்கட்டும். இந்தச் சிதறல், மக்களிடம் காட்டும் வரைபடத்துக்கு மட்டும்.

மரங்கள் அடுத்த வாரம், கட்டாயம். மேலிருந்து பார்க்கும்போது கப்பன் பூங்கா மழைமரத்தின் விளிம்பு வட்டமாக இருப்பதில்லை. அந்த ஒழுங்கின்மையைக் கணினியில் கொண்டுவர, ‘ட்ரான்’ படத்தில் பணியாற்றிய கென் பெர்லின் 1980களில் உருவாக்கிய கணக்கு உதவும். அதற்கு ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்ததும் 1997இல்தான்.