கையளவில் ஒரு விஜயந்தா

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதலில் வெளிவந்த விஜயந்தா டாங்கியின் உடல் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். 1:35 அளவு மாதிரியில் அது 23 செ.மீ.

பாகங்களை ஒட்டியதும் பிரைமர், பிறகு அக்ரிலிக் பச்சை அடிக்க வேண்டும். நன்கு காய்ந்தபின் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டால் அழுக்கேறிய தோற்றம் வரும். விளிம்புகளில் ஸ்பாஞ்சால் ஒற்றினால் பெயிண்ட் உதிர்ந்த தழும்புகள் தெரியும்.

தரைக்குத் தெர்மாகோல், பசை, மண் போதும். திருச்சி, ஸ்ரீரங்கம் கரைகளின் காவிரி மணலை அப்படியே தூவினால் பொருந்தாது: 1 மி.மீ. மணல் இந்த அளவில் 3.5 செ.மீ. கூழாங்கல். துணியில் சலித்த வண்டலே புழுதியாகும். அதே வண்டலைச் சங்கிலிப் பட்டைகளிலும் பூசினால்தான் வண்டி அந்த மண்ணில் ஓடியதாகத் தோன்றும்.