வீட்டில் கட்டிய வானூர்திகளில் கருவி பொருத்துதல்

வீட்டில் கட்டிய வானூர்திகளில் கருவி பொருத்துதல் என்பது, ஆர்வலர் ஒருவர் தமது பட்டறையில் கட்டிய சிறு வானூர்தியில் வானொலி, ஆண்டெனா, மின்கலம், ஒளிப்படக்கருவி, விளக்கு முதலியவற்றை அமைப்பதற்காக அதன் கட்டமைப்பு உறுப்புகளில் செய்யப்படும் மாற்றங்களைக் குறிக்கும். இம்மாற்றங்கள் பெரும்பாலும் ஒரு துளை, ஒரு தாங்கி, ஒரு வெட்டு என்ற அளவில் சிறியவை. எனினும் தவறான இடத்தில் இடப்படும் ஒரு சிறு துளையே இறக்கை முறிவதற்குத் தொடக்கமாகலாம். எனவே எவ்வாறு வெட்டுவது என்பதைவிட எங்கு வெட்டாமல் இருப்பது என்பதே இத்துறையின் முதல் கேள்வி ஆகும்.

வரலாறு

தமிழ்நாட்டில் தனியார் ஒருவர் வானூர்தி கட்டியது மிகப் பழைய நிகழ்வாகும். சென்னையில் விடுதி நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், தாம் வடிவமைத்த வானூர்தியை வண்டிகளுக்குக் கூடு கட்டும் சிம்ப்சன் நிறுவனத்தின் மூலம் செய்வித்து, 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஐக்கிய அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சோதனை வானூர்திச் சங்கம் இப்பொழுதுபோக்கை உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், அடுக்குமாடிக் கட்டிடமொன்றின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை வானூர்தி ஒன்றைக் கட்டினார். அது 2016ஆம் ஆண்டு மும்பையில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்டு, 2017இல் குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தால் பதிவு செய்யப்பட்டது.

கட்டமைப்பு உறுப்புகள்

வானூர்தியின் உறுப்புகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

முதன்மைக் கட்டமைப்பு: முறிந்தால் வானூர்தியே வீழும் உறுப்புகள். இறக்கையின் நெடுக ஓடும் உத்திரம், இறக்கையை உடலுடன் இணைக்கும் பொருத்துகள், உடலின் நெடுஞ்சட்டங்கள், பொறியைத் தாங்கும் சட்டம், வால் இணைப்புகள் ஆகியன இதில் அடங்கும். பல வானூர்திகளில் வெளித்தகடும் விசையைத் தாங்குவதால் அதுவும் இவ்வகையைச் சேரும்.

துணைக் கட்டமைப்பு: கருவிப் பலகை, இருக்கைக்குப் பின்னுள்ள தட்டு, இறக்கை நுனி மூடி, ஆய்வுத் துளை மூடி போன்றவை. கருவிகளைப் பொருத்த முதலில் இவற்றையே நாட வேண்டும்.

இறக்கை உத்திரத்தின் மேல், கீழ் விளிம்புப் பட்டைகளே வளைவிசையின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. அவற்றில் வடிவமைப்பாளரின் எழுத்து மூல ஒப்புதல் இன்றித் துளையிடுதல் கூடாது.

துளையும் தகைவும்

இழுக்கப்படும் அகன்ற தகடு ஒன்றில் வட்டத் துளை இருந்தால், அத்துளையின் ஓரத்தில் தகைவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இதனை எர்ன்சுட் குஸ்டாவ் கிர்ஷ் 1898ஆம் ஆண்டில் கணித முறையில் காட்டினார். கூரிய மூலை கொண்ட சதுர வெட்டில் இது இன்னும் மிகும். பொறியின் அதிர்வும் காற்றின் குலுக்கலும் இத்தகைவை இலட்சக்கணக்கான முறை மாறி மாறி ஏற்படுத்துவதால் உலோகம் அயர்வுற்று, துளையின் ஓரத்திலிருந்து வெடிப்பு வளர்கிறது.

இதனாலேயே துளைகள் வட்டமாகவும், வெட்டுகள் உருண்ட மூலைகளுடனும், ஓரங்கள் பிசிறு நீக்கி மழமழப்பாகவும் இருத்தல் வேண்டும். தறையாணித் துளையின் நடுப்புள்ளி தகட்டின் விளிம்பிலிருந்து ஆணியின் விட்டத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தள்ளியும், ஆணிகளுக்கு இடையிலான தொலைவு குறைந்தது மூன்று மடங்காகவும் இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் ஆணி எனில் இவை முறையே 6, 9 மில்லிமீட்டர் ஆகும். வெளித்தகட்டில் ஆண்டெனாவுக்காகத் துளையிடும்போது, உட்புறத்தில் அத்தகட்டிற்குக் குறையாத தடிமனுள்ள வலுவூட்டுத் தகடு ஒன்றைத் தறையாணிகளால் இணைத்து, அதனை அருகிலுள்ள விலாச் சட்டங்கள்வரை நீட்டுவது வழக்கம்.

கருவியின் மேல் செயற்படும் விசைகள்

தரையில் 2 கிலோகிராம் எடையுள்ள வானொலி வானில் அதே எடையுடன் இருப்பதில்லை. சாதாரண வகைச் சிறு வானூர்திகள் புவியீர்ப்பின் 3.8 மடங்கு விசையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. அந்நிலையில் அவ்வானொலி 7.6 கிலோகிராம் எடையாக இறங்கி அழுத்தும். வழக்கமான 1.5 மடங்கு காப்புக் காரணியையும் சேர்த்தால் அதன் தாங்கி 11.4 கிலோகிராமைத் தாங்க வேண்டும்.

மோதி இறங்கும் வேளையின் கணக்கு வேறு. விமானியின் பின்னால் உள்ள பொருள் கழன்று முன்னோக்கிப் பாய்ந்தால் உயிரிழப்பு நேரலாம். ஆகவே முன்னோக்கி 9 மடங்கு, மேல்நோக்கி 3 மடங்கு, பக்கவாட்டில் 1.5 மடங்கு ஆகிய விசைகளையேனும் தாங்கி பொறுக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். இதன்படி 5 கிலோகிராம் மின்கலம் ஒன்றின் தாங்கி முன்னோக்கி 45 கிலோகிராம் இழுப்பைத் தாங்க வேண்டும்.

கட்டுமானப் பொருளுக்கு ஏற்ற முறைகள்

அலுமினியக் கலப்புலோகத் தகடு: தறையாணிகளும் வலுவூட்டுத் தகடும் பயன்படும். எஃகு ஆணி அலுமினியத்தை நேரே தொட்டால் ஈரத்தில் அரிப்பு உண்டாகும். உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இது விரைவாக நிகழும். எனவே இடையில் அரிப்புத் தடுப்புப் பூச்சு தேவை.

எஃகுக் குழாய்: குழாயில் துளையிடலாகாது. துளை குழாயை நலிவாக்குவதுடன் ஈரம் புகுந்து உள்ளே துருப்பிடிக்கவும் வழி செய்கிறது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும், உட்புறம் இரப்பர் பதித்த வளையப் பிடிகளே ஏற்றவை.

மரம்: நார் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டுவது வலிமையை இழக்கச் செய்யும். துளையின் உட்புறம் மெருகெண்ணெய் பூசப்படாவிட்டால் ஈரம் ஊறி மரம் உளுத்துவிடும்.

கண்ணாடியிழை, கரியிழை: நுரையை நடுவில் வைத்து இருபுறமும் இழை ஒட்டிய பலகையில் மரையாணியை இறுக்கினால் நுரை நசுங்கிவிடும். ஆணி வரும் இடத்தில் நுரையை நீக்கி, கெட்டியான கட்டை ஒன்றைப் பதித்து மேலே இழை ஒட்ட வேண்டும். கரியிழை வானொலி அலைகளைத் தடுப்பதால் அதன் உட்புறத்தில் ஆண்டெனாவை வைத்தல் பயனற்றது.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற ஊர்களின் பட்டறைகளில் டிராக்டர் இழுவைப் பெட்டிக்குத் துளையிட்டு ஆணி முடுக்குவது எளிய வேலையாகும். அங்கு வலிமை போதாவிடில் தடித்த இரும்பை வைத்துப் பற்றவைக்கலாம். வானூர்தியில் அவ்வழி இல்லை. வலுவூட்டும் ஒவ்வொரு கிராமும் சுமையாகிறது. தேவைக்கு மேல் விறைப்பான இணைப்பு தன் விளிம்பில் தகைவைக் குவிக்கிறது. கடைகளில் கிடைக்கும் தரம் குறிக்கப்படாத மரையாணிகளை முதன்மைக் கட்டமைப்பில் பயன்படுத்துதல் ஆகாது.

ஈர்ப்பு மையம்

400 கிலோகிராம் எடையுள்ள வானூர்தியில், ஈர்ப்பு மையத்திலிருந்து 2 மீட்டர் பின்னால் 4 கிலோகிராம் கருவி வைக்கப்பட்டால், மையம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பின்னோக்கி நகரும். சிறு வானூர்திகளில் மையம் நகர இசைவுள்ள எல்லை குறுகியது என்பதால் இது புறக்கணிக்கத்தக்கதன்று. மையம் பின்னெல்லையைக் கடந்தால் வானூர்தி நிலைப்பை இழந்து, சுழன்று வீழும் நிலையிலிருந்து மீள முடியாமல் போகலாம். ஒவ்வொரு பொருத்தலுக்குப் பின்னும் வானூர்தியை எடையிட்டுக் கணக்கைப் புதுப்பித்தல் இன்றியமையாதது.

விபத்துகள் தந்த பாடங்கள்

1954 சனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே டி ஹாவிலாண்ட் காமெட் பயணிகள் வானூர்தி நடுவானில் சிதறி 35 பேர் உயிரிழந்தனர். கடலிலிருந்து மீட்ட பகுதிகளை ஆய்ந்தபோது, உடலின் கூரையில் வானொலி ஆண்டெனாவுக்காக வெட்டப்பட்ட திறப்பின் மூலையருகே அயர்வு வெடிப்பு தொடங்கியது தெரியவந்தது. இது வீட்டில் கட்டிய வானூர்தி அன்று. எனினும் கருவிக்கான வெட்டு ஒன்று என்ன செய்யும் என்பதற்கு இதுவே பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

செனித் சிஎச் 601 எக்ஸ்எல் வகை வானூர்திகள் சில நடுவானில் சிதறியதை அடுத்து, 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தப் பரிந்துரைத்தது. கட்டுப்பாட்டுப் பரப்புகள் காற்றில் கட்டுக்கடங்காது துடிக்கும் படபடப்பு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் இறக்கையை வலுப்படுத்தி, துணையிறக்கைகளில் சமன் எடைகளைச் சேர்க்கும் மாற்றத் தொகுதி வெளியிடப்பட்டது. அசையும் பரப்பில், அதன் கீலுக்குப் பின்னால், விளக்கையோ ஒளிப்படக்கருவியையோ வைக்கலாகாது என்பதற்கும் படபடப்பே காரணம்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடற்கரையருகே லாங்-ஈசி வானூர்தியில் இறந்தார். அதனைக் கட்டியவர் வேறொருவர். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடியை, வரைபடத்தில் இருந்த இடத்தை விட்டு, விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் அவர் அமைத்திருந்தார். அதனைத் திருப்பத் திரும்பியபோது கட்டுப்பாடு தவறியிருக்கக்கூடும் எனப் புலனாய்வு முடிவு செய்தது. கைப்பிடியில் குறியீடு இல்லாமையும் சுட்டிக்காட்டப்பட்டது. பொருத்தல் உறுதியாக இருப்பது மட்டும் போதாது, அடுத்து ஓட்டுபவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்பதை இவ்விபத்து உணர்த்தியது.

சோதனையும் பதிவும்

புதிய தாங்கியைப் பறப்பதற்கு முன் தரையில் வில்தராசு கொண்டு இழுத்தோ மணல் மூட்டை ஏற்றியோ சோதிக்கலாம். சுமையை நீக்கிய பின் தாங்கி பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும். நிலையான வளைவு இருப்பின் அது தோல்வியாகும். முதற் பறப்புகளுக்குப் பின் ஆணிகளைச் சுற்றிப் பூச்சு வெடித்துள்ளதா, கருநிறப் பொடி கசிகிறதா எனப் பார்த்தல் நன்று. இவை ஆணி தளர்வதன் அறிகுறிகள். செய்த மாற்றம், அளவுகள், எடை ஆகியவற்றை வானூர்திப் பதிவேட்டில் எழுதி வைத்தல், பின்னர் அதனை வாங்குபவரின் உயிரைக் காக்கும்.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலரே செய்திருந்தால் வானூர்தி சோதனை வகையில் சான்று பெறும். பெரிய மாற்றங்களுக்குப் பின் மீண்டும் சோதனைப் பறப்பு தேவை. ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய பல வானூர்திகளின் மாற்றங்களுக்கு இலகு வானூர்திச் சங்கம் ஒப்புதல் அளிக்கிறது. இந்தியாவில் 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்திற்கு மாற்றாக, பாரதிய வாயுயான் அதினியம் 2025 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒழுங்குமுறைப் பொறுப்பு குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தைச் சேர்ந்தது.

இவற்றையும் பார்க்க

வானூர்தி
உலோக அயர்வு
ஈர்ப்பு மையம்
தறையாணி