வட்டு வளர்ந்தும் இடம் வளராதது ஏன்?

தேர்வு மதிப்பெண்கள், மருத்துவமனைக் குறிப்புகள், வணிகக் கணக்குகள் முதலியன இன்று பல இடங்களில் 'கிளவுட் சர்வர்' எனப்படும் வாடகைக் கணினிகளிலேயே சேமித்து வைக்கப்படுகின்றன. அத்தகைய கணினியின் வட்டில் இடம் தீர்ந்துவிட்டால், புதிய விவரம் எதையும் அதனால் எழுதிக்கொள்ள இயலாது. கூடுதல் வாடகை செலுத்தி, 40 கிகாபைட் வட்டை 60 கிகாபைட் ஆக்கிவிடலாம். ஆனால், அதன் பின்னரும் கணினி பழைய 40 கிகாபைட்டையே காட்டக்கூடும். சேர்த்த இடம் எங்கே போயிற்று? இதை அறிய, வட்டின் அமைப்பை முதலில் காண்போம்.

எண்ணிட்ட கட்டங்கள்

நாம் வாடகைக்குப் பெறுவது தனியொரு வட்டு அன்று. பல இயந்திரங்களில் சிதறிக்கிடக்கும் சேமிப்பிடத்தை ஒன்றுபடுத்தி, ஒரே வட்டுபோல் மென்பொருள் காட்டுகிறது. கணினிக்கு அது எண்ணிட்ட கட்டங்களின் வரிசையாகவே தென்படும். இக்கட்டங்களுக்கு 'செக்டர்' என்று பெயர். பெரும்பாலும் ஒரு செக்டர் 512 பைட்டுகள் கொண்டது. ஒரு கிகாபைட்டை 2³⁰ பைட்டுகள் எனக் கொண்டால், 40 கிகாபைட் வட்டில் 8,38,86,080 செக்டர்கள் இருக்கும். அதை 60 ஆக்கும்போது, வரிசையின் கடைசியில் மேலும் 4,19,43,040 செக்டர்கள் சேர்கின்றன. பழைய எண்கள் மாறுவதில்லை.

நிலமும் பதிவேடும்

வயலை ஒட்டிய நிலத்தை ஒருவர் வாங்குகிறார் எனக் கொள்வோம். நிலம் கைக்கு வந்தால் மட்டும் போதாது; பதிவேட்டில் எல்லையைத் திருத்த வேண்டும்; பின்னர் வரப்பும் வாய்க்காலும் அமைக்க வேண்டும். வட்டிலும் இவ்வாறே மூன்று படிகள் உண்டு. முதற்படி வட்டு. இரண்டாவது, எந்தச் செக்டர் முதல் எந்தச் செக்டர் வரை ஒரு பகுதி என்று குறிக்கும் 'பார்ட்டிஷன்' அட்டவணை. மூன்றாவது, அப்பகுதிக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமை. வாடகை நிறுவனம் முதற்படியை மட்டுமே மாற்றுகிறது. சில சர்வர்கள் மறுபடி இயங்கத் தொடங்கும்போது மற்ற இரண்டையும் தாமே செய்துகொள்ளும். ஏனையவற்றில் நாம்தான் செய்ய வேண்டும்.

அட்டவணையின் எல்லை

1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த பழைய அட்டவணை, வட்டின் முதற்செக்டரில் 64 பைட்டுகளுக்குள் அடங்கியது. அதில் நான்கு பதிவுகளுக்கே இடம் உண்டு. செக்டர் எண்ணை 32 பிட்டுகளால் குறிப்பதால், 2³² × 512, அதாவது ஏறத்தாழ 2.2 இலட்சம் கோடி பைட்டுகளுக்கு மேல் அது எட்டாது. பின்னர் வந்த 'ஜிபிடி' அட்டவணை 64 பிட்டுகளைப் பயன்படுத்துகிறது. வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடமளிக்கிறது. பாதுகாப்புக்காகத் தன் நகல் ஒன்றை வட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. வட்டு வளர்ந்ததும் அந்நகல் நடுவில் நின்றுவிடும். எனவே முதல் வேலை, நகலைப் புதிய கடைசிக்கு நகர்த்துவதாகும். லினக்சில் 'குரோபார்ட்' என்ற கருவி இதையும் எல்லைத் திருத்தத்தையும் சேர்த்தே செய்கிறது.

இங்கு ஒரு விதியை மறக்கலாகாது. பகுதியின் முடிவெண் மாறலாம். தொடக்க எண் மாறக் கூடாது. தொடக்கம் 2048-ஆம் செக்டராக இருந்தால், கோப்பு முறைமையின் கணக்குகள் யாவும் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன. அது ஒரு செக்டர் பிசகினாலும், தகவல் அழியாமலே இருந்தும் கணினியால் அதைக் கண்டுகொள்ள முடியாது. மேலும், ஒரு பகுதியை அடுத்து வேறொரு பகுதி இருந்தால் முன்னதை நீட்ட வழியில்லை. இதனாலேயே பல கிளவுட் சர்வர்களில் முதன்மைப் பகுதி வட்டின் கடைசியில் வைக்கப்படுகிறது.

கோப்பு முறைமை வளரும் விதம்

'எக்ஸ்ட்4' முறைமை, இடத்தைப் பொதுவாக 4096 பைட் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கிறது. எத்தொகுதி காலி, எது நிறைந்தது என்பதை ஒரு தொகுதிக்கு ஒரு பிட் வீதம் குறித்துவைக்கிறது. குறிப்பேடு ஒன்றும் 4096 பைட்டே ஆதலால், அதில் 32,768 பிட்டுகள் அடங்கும். ஆகவே ஒரு குறிப்பேடு 128 மெகாபைட் இடத்தை ஆளும். 20 கிகாபைட் சேர்ந்தால் 160 புதிய குறிப்பேடுகள் தேவை. 'ரீசைஸ்2எப்எஸ்' என்ற கட்டளை இவற்றை எழுதுகிறது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம்.

புதிய பகுதியா, நீட்டிப்பா?

சேர்ந்த இடத்தைத் தனிப் பகுதியாகவும் அமைக்கலாம். அன்றாடப் பதிவுகள் பெருகித் தம் இடத்தை நிரப்பினாலும், இயக்க மென்பொருளின் இடம் பாதிக்கப்படாது என்பது இதன் நன்மை. ஆனால் புதிய பகுதியில் கோப்பு முறைமையைப் புதிதாக உருவாக்க வேண்டும். அக்கட்டளையைத் தவறான பகுதியின்மேல் செலுத்தினால் பழைய கோப்புகள் போய்விடும்.

சுருக்குவது வளர்ப்பதைப் போல் எளிதன்று. படிகளைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் கோப்பு முறைமை, அதன் பின்னரே எல்லை. வட்டையே சிறிதாக்கப் பல நிறுவனங்கள் இடமளிப்பதுமில்லை. ஆகவே தேவையறிந்து சிறிது சிறிதாக வளர்ப்பதே சிக்கனம். எப்படியாயினும், தொடங்குமுன் வட்டின் முழு நகல் ஒன்றை எடுத்துவைப்பது இன்றியமையாதது. வட்டில் இருப்பவை வெறும் எண்களே எனினும், அவை ஒரு மாணவனின் மதிப்பெண்ணாகவோ ஒரு நோயாளியின் மருந்துக் குறிப்பாகவோ இருக்கலாம் அல்லவா?